கொடியில் காயாத ஜாக்கெட்

செப்டம்பர் 8, திங்கள்

பாப்பா இன்றைக்கும் பால் குடிக்கவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கைகால் கழுவிவிட்டு அவளை எடுத்து மடியில் போட்டேன். வாயை வைத்தாள். உடனே தலையைத் திருப்பிக்கொண்டு வீல் என்று கத்தினாள். மறுபக்கம் மாற்றிப் பார்த்தேன். அதே கதை. என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதாள். செண்பகம் மதினி அடுப்படியிலிருந்து வந்து, தூக்கி இடது தோளில் போட்டு ரெண்டு தட்டுத் தட்டினார். அழுகை நின்றுவிட்டது.

"பசி இல்ல போல, வினோ. இப்பதான் கொஞ்சம் கஞ்சி குடிச்சா" என்றார்.

பதினாலு மாசப் பிள்ளைக்கு, அம்மா வருகிற நேரம் பார்த்துப் பசி இல்லாமல் போவது எப்படி? நான் கேட்கவில்லை. கேட்டால் என் வீட்டுக்காரர் ஆரம்பிப்பார்.

மதினி இவருக்குக் கூடப்பிறந்த அக்கா. இருபது வயதில் அருப்புக்கோட்டையில் கட்டிக்கொடுத்தார்கள். பிள்ளை இல்லை என்று அந்த மனிதர் இன்னொருத்தியைக் கட்டிக்கொள்ள, மதினி தையல் மிஷினைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டார். நான் இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்பே நடந்தது இது. நான் பள்ளிக்கூடம் போனால் பாப்பாவைப் பார்த்துக்கொள்வது அவர்தான். அவர் இல்லாவிட்டால் நான் வேலைக்கே போக முடியாது. இதை நான் மறுக்கவில்லை.

இந்த டைரியைப் பாப்பாவின் எடையும் தடுப்பூசியும் எழுத வாங்கினேன். இனிமேல் மற்றதையும் எழுதி வைக்கப் போகிறேன். பின்னால் யாராவது "நீயா நினைச்சுக்கிட்ட" என்று சொன்னால் காட்டுவதற்கு ஆகும்.

உள்ளாட்சித் தேர்தல் டூட்டி ஆர்டர் வந்துவிட்டது. சனிக்கிழமை ஓட்டு. வெள்ளிக்கிழமையே போய் அங்கே தங்க வேண்டும். விளாத்திகுளம் பக்கம் ஒரு கிராமம். பாப்பாவை விட்டு முதல் ராத்திரி. எங்கள் பள்ளியிலிருந்து சேர்மக்கனி டீச்சருக்கும் அதே பூத். கம்ப்யூட்டர் குலுக்கிப் போடுகிறது என்கிறார்கள். ஒரே பள்ளிக்கூடத்தில் ரெண்டு பேரை ஒரே பூத்தில் எந்தக் கம்ப்யூட்டர் போடும்?

இன்னொன்று. மதினி தன் பழைய ஜாக்கெட்டுக்கெல்லாம் லைனிங் வைத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார். இந்தப் புழுக்கத்தில். ஏன் மதினி என்றதற்கு, "துணி இத்துப் போச்சு" என்கிறார். புதுசாகத் தைத்ததற்கும் லைனிங் வைக்கிறாரே, அதுவுமா இத்துப் போச்சு?

செப்டம்பர் 9, செவ்வாய்

இன்றைய நாள் விளங்காது என்று காலையில் பஸ்ஸில் ஏறும்போதே தெரிந்தது.

ஏழாம் வகுப்பில் என் பீரியட். மகரஜோதி என்ற பிள்ளை பெஞ்சு மேல் ஏறி ஜன்னல் கொக்கியை மாட்டப் போய், வழுக்கி விழுந்து, முன்பல் பாதி உடைந்துவிட்டது. நான் வகுப்பில் இல்லை.

எங்கே இருந்தேன் என்று இங்கே எழுதலாம். டீச்சர்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, பாப்பா குடிக்காத பாலைப் பீய்ச்சிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து கல் மாதிரி கட்டிக்கிடந்தது. முன்பக்கம் நனைந்துவிட்டால் ஏழாம் வகுப்புப் பையன்கள் முன்னால் எப்படி நிற்பது? கைக்குட்டையை மடித்து வைத்தாலும் ஒரு மணி நேரம்தான் தாங்கும்.

ஹெச்.எம். ஜெபமணி டீச்சர் கூப்பிட்டார்.

"எங்க போயிருந்தீங்க?"

"பாத்ரூம், டீச்சர்."

"அடிக்கடி போறீங்களாமே. அந்தப் பிள்ளையோட அம்மா மேலிடத்துக்கு எழுதிப் போடுவேன்னு நிக்கிறா. எலெக்‌ஷன் முடிஞ்சு வந்ததும் விளக்கம் என் மேசையில இருக்கணும். பாத்ரூம்னு ஒத்த வார்த்தையில எழுதிராதீங்க."

வேறு என்னவென்று எழுதுவது? அது பைலில் போகும். கிளார்க் படிப்பார். மேலே இருக்கிறவர்கள் படிப்பார்கள்.

"அடிக்கடி" என்ற வார்த்தை ஹெச்.எம். வாயில் தானாக முளைத்திருக்காது. பக்கத்து வகுப்பு சேர்மக்கனி டீச்சருடையது. சரி, அவருக்கு நான் வகுப்பை விட்டுப் போவது தெரியும். எதற்குப் போகிறேன் என்று தெரிந்தது வீட்டில் மதினிக்கு மட்டும்தான். நனைந்த கைக்குட்டைகளைத் துவைத்துப் போடுவது அவர்தானே. அந்த டீச்சர் தெருவிலும் மதினியிடம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அளவு எடுக்கும்போது பெண்கள் பேசாமலா இருப்பார்கள்?

மதினியிடம் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்லவில்லை. முகத்தை மட்டும் கவனித்தேன். முகம் வெளிறித்தான் இருந்தது.

செப்டம்பர் 10, புதன்

அரை நாள் லீவு போட்டு பாப்பாவை டாக்டரிடம் காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உதட்டுக்கு உள்ளே புண் என்றார். உறிஞ்சினால் வலிக்குமாம். நாலைந்து நாளில் ஆறிவிடுமாம்.

"அப்ப அவ அத்தைகிட்ட மட்டும் ஏன் டாக்டர் அழ மாட்டேங்கா?"

"அத்தைகிட்டதான் பால் குடிக்க வேண்டியதில்லையேம்மா" என்று சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் அந்த வாக்கியமே ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்தேன். மதினி அறைக் கதவு சாத்தியிருந்தது. இப்போதெல்லாம் சாத்தித்தான் இருக்கிறது. தட்டினேன். திறக்க நேரமானது. சேலைத் தலைப்பை இழுத்து முழுசாகப் போர்த்திக்கொண்டு வந்தார். பாப்பா அவரைப் பார்த்ததும் தாவினாள். தாவினவள் நேராகக் கையை அவர் ஜாக்கெட்டுக்குள் விட்டாள். பழகின கை மாதிரி. மதினி கொதிக்கிற எண்ணெய் பட்டதுபோல் அந்தக் கையைப் பிடுங்கி எடுத்தார். தலைப்பு விலகின ஒரு நொடியில் பார்த்துவிட்டேன். வலது பக்கத்தில் ஈரம். ஒரு ரூபாய் அகலத்துக்கு.

"என்ன மதினி, நனைஞ்சிருக்கு?"

"தண்ணி. பாத்திரம் கழுவுனேன்."

பாத்திரம் கழுவினால் வயிற்றுப் பக்கம் அல்லவா நனையும்.

மொட்டை மாடிக்குப் போய்க் கொடியைப் பார்த்தேன். என்னுடையது, இவருடையது, பாப்பாவுடையது எல்லாம் இருந்தன. மதினியின் சேலையும் பாவாடையும் இருந்தன. ஜாக்கெட் ஒன்றுகூட இல்லை. எல்லாப் பெண்களும் ஜாக்கெட்டைத் துண்டுக்கு அடியில் மறைத்துத்தான் காயப்போடுவோம். துண்டைத் தூக்கியும் பார்த்தேன். இல்லை. அறைக்குள்ளேயே காயப்போடுகிறார்.

பிள்ளை பெறாத பெண்ணுக்கும், குழந்தையை வாயில் வைத்துப் பழக்கினால் பால் ஊறுமாம். போனில் தேடிப் படித்தேன். அப்படி நடந்திருக்கிறதாம். போனைக் கவிழ்த்து வைத்தேன்.

இவர் மில்லிலிருந்து வந்ததும் சொன்னேன். முழுசாகச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, அவருடைய அக்காவைப் பற்றி, அந்த வார்த்தைகளை.

"என்னங்க, உங்க அக்கா எப்பப் பாத்தாலும் கதவைச் சாத்திக்கிடுறாங்க."

"அக்காவுக்குன்னு ஒரு ரூம் இருக்கு. ரூமுக்கு ஒரு கதவு இருக்கு. சாத்துனா உனக்கென்ன?"

"பாப்பாவை உள்ள வச்சுக்கிட்டு சாத்துறாங்க."

"சோத்தைப் போடு" என்றார். சாப்பிட்டுவிட்டு, படுக்கும்போது சொன்னார்: "எங்கக்காவ ஒரு வீட்டுல பிள்ளை இல்லைன்னு குறை சொல்லியே துரத்துனாங்க. இங்கயுமா?"

நான் துரத்தவில்லை. எழுதி வைக்கிறேன், அவ்வளவுதான்.

செப்டம்பர் 11, வியாழன்

இன்று மரியாதை எல்லாம் எழுத வரவில்லை.

மத்தியானம் மதினி பள்ளிக்கூடத்துக்கு வந்திருந்தாள். பாப்பாவை வீட்டிலிருந்த இவரிடம் விட்டுவிட்டு, கையில் துணிப்பையோடு. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடப் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. மணி அடித்து நான் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். பார்த்தால் கேட் பக்கம் ஹெச்.எம்.மோடு பேசிக்கொண்டு நிற்கிறாள். என்னைப் பார்த்ததும் ஹெச்.எம். உள்ளே போய்விட்டார்.

"என்ன மதினி இங்க?"

"சும்மாதான். சேர்மக்கனி டீச்சருக்கு ஜாக்கெட் குடுக்கலாம்னு." பைக்குள் கையை விட்டபடியே நின்றாள். எடுக்கவில்லை. "வினோ, ஒரு ரெண்டு நிமிஷம் அந்த வேப்ப மரத்தடிக்கு வாரியா?"

"பெல் அடிச்சாச்சு மதினி. ஏற்கெனவே என்மேல கம்ப்ளெயின்ட் இருக்கு. வீட்டுல பேசுவோம்."

"வீட்டுல…" என்றாள். பிறகு, "சரி" என்றாள். போய்விட்டாள். வெயிலில் ரொம்ப மெதுவாக நடந்து போனாள்.

ஹெச்.எம்.மிடம் என்ன சொன்னாள்? நேரில் கேட்டேன். "உங்க வகுப்பு எதுன்னு கேட்டாங்க" என்று ஒரே வார்த்தை. யாரும் முழுசாகச் சொல்லமாட்டார்கள்.

வீட்டுக்கு வந்தபின் மதினி பேசவில்லை. இவர் ஹாலில் இருந்தார். டிவியில் தேர்தல் செய்தி ஓடியது. நானும் கேட்கவில்லை. அவளே வரட்டும் என்று இருந்தேன். அடுப்படிக்கு ஒரு தடவை வந்தாள். நான் கிராமத்துக்குக் கொண்டுபோக முறுக்கு டப்பா தேடிக்கொண்டிருந்தேன். "என்ன வேணும்" என்றேன். "ஒண்ணுமில்ல" என்று தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டாள்.

அவள் கடைக்குப் போன நேரத்தில் அவள் குளியலறை வாளியைப் பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். என் பிள்ளை. பார்க்க எனக்கு உரிமை இருக்கிறது. ஜாக்கெட் ஒன்று தனியாக ஊறிக்கிடந்தது. தண்ணீரில் விரலை விட்டேன். கரகரவென்று அடியில் கல் உப்பு.

உப்பு எதற்கு? பாலுக்கு உப்பா? திருஷ்டி சுற்றிப்போட்ட உப்பைத் தண்ணீரில் கரைப்பார்கள். ஏதோ கழிப்பு எடுக்கிறாளா? என் பிள்ளை என்னிடம் வராமல் இருப்பதற்கு எவளாவது எதையாவது சொல்லிக்கொடுத்திருக்கிறாளா? நான் சயின்ஸ் டீச்சர். இப்படியெல்லாம் எழுதக்கூடாது. எழுதாமலும் இருக்க முடியவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

காலையில் கிளம்பும்போது இவருக்கு முன்னால் வைத்தே சொல்லிவிட்டேன்:

"மதினி, நான் வர்ற வரைக்கும் பாப்பா ஹாலிலயே இருக்கட்டும். உங்க ரூமுக்குக் கொண்டுபோக வேண்டாம். கதவைச் சாத்த வேண்டாம்."

மதினி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் பதில் பேசியிருப்பேன்.

"சரி, வினோ" என்றார். "தூக்கவாவது செய்யலாமா?"

இவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இப்போது ஊராட்சிப் பள்ளிக் கட்டிடத்தில் இருக்கிறேன். ஓட்டுப்பெட்டி, நாலு நிறத்தில் சீட்டுக் கட்டுகள், அரக்கு, மை பாட்டில், மெழுகுவத்தி எல்லாம் வந்து இறங்கிவிட்டன. எனக்கு விரலில் மை வைக்கிற வேலை. சேர்மக்கனி டீச்சருக்குச் சீட்டு மடித்துக் கொடுக்கிற வேலை. என் பக்கத்து நாற்காலி. பல்லிக்குப் பக்கத்தில் பூச்சி மாதிரி உட்காரப் போகிறேன்.

செப்டம்பர் 13, சனி

கையெல்லாம் மை. எழுதுகிற நிலைமையில் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

நடந்த வரிசையிலேயே எழுத முயற்சி செய்கிறேன்.

நேற்று காலையிலிருந்து நல்ல கூட்டம். கை நீட்டுவார்கள், நகத்திலிருந்து கீழே கோடு இழுக்க வேண்டும். ஒரு பெண், "என்ன டீச்சர், மருதாணி வைக்கிறாப்ல சிரிக்காம வைக்கீக, பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா" என்றாள். நான் இழுத்த கோடு கோணிப்போனது. சேர்மக்கனி டீச்சர்தான், "ஆமா, டீச்சரம்மா மூஞ்சியப் பாரு, அவங்க கட்சி தோத்துட்ட மாதிரி" என்று சொல்லிச் சிரிக்கவைத்து அனுப்பினார்.

வெயில் ஏறியதும் கூட்டம் வற்றியது. எனக்கு ரெண்டு பக்கமும் கட்டிக்கொண்டு, கையைத் தூக்கினாலே உயிர் போனது. எழுந்திருக்கவும் பயம். சேர்மக்கனி டீச்சர் குனிந்து மெதுவாகச் சொன்னார்:

"போயிட்டு வாங்க டீச்சர். நான் ரெண்டு வேலையும் பாத்துக்கிடுதேன். அன்னிக்கும் உங்க கிளாஸை நான்தான் பாத்தேன். அந்தப் பிள்ளை விழுந்தப்ப தூக்குனதே நான்தான்."

"ஹெச்.எம்.கிட்ட நீங்கதான்…"

"நான் என்ன சொன்னேன்? பாத்ரூம் போயிருக்காங்கன்னு சொன்னேன். அடிக்கடி போறாங்கன்னு சொன்னது மகரஜோதி. அது அவங்க அம்மாட்ட சொல்லி, அவங்க ஹெச்.எம்.கிட்ட சொன்னாங்க. எனக்கும் மூணு பிள்ளை டீச்சர். மூணுக்கும் இதே பாத்ரூம்தான்."

போய்விட்டு வந்தேன். ஓட்டுப் போட ஆள் இல்லை. ஏஜென்டுகள் சுவரில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். நானாகத்தான் ஆரம்பித்தேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. மதினி கதவைச் சாத்துவது, பாப்பா கையை விட்டது, ஈரம், லைனிங், அறைக்குள் காய்கிற ஜாக்கெட், வாளியில் உப்பு. என் பிள்ளைக்குத் தன்னுடையதைக் கொடுத்துப் பழக்குகிறார் என்று சொல்லி முடித்தேன். சேர்மக்கனி டீச்சர் கன்னத்தில் கைவைத்து "அடிப்பாவி" என்று சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சீட்டுக் கட்டை நேராக அடுக்கிக்கொண்டே கேட்டார்:

"எந்தப் பக்கம் நனைஞ்சிருந்துச்சு?"

"வலது."

"ரெண்டு பக்கமும் இல்லையா?"

"இல்ல. வலது மட்டும்."

"பால் ஊறுனா ஒரு பக்கம் மட்டுமா டீச்சர் நனைக்கும்?"

குனிந்து என்னைப் பார்த்தேன். இப்போதுதான் போய்வந்திருந்தும், ரெண்டு பக்கமும் திரும்ப ஈரம் தட்டியிருந்தது.

அதன்பிறகு அவர் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உப்புத் தண்ணீரில் எந்தக் கறையை ஊறப்போடுவோம் என்பது எந்தப் பெண்ணுக்கும் தெரியும். மாசாமாசம் நானும்தான் ஊறப்போடுகிறேன். வாளிக்குள் விரலை விட்டபோது எனக்கு அது எப்படித் தோன்றாமல் போனது? அந்த ஈரத்தின் ஓரம் வெள்ளையாகக் காயவில்லை. பழுப்பாக இருந்தது. புதன்கிழமை அதை நான் பார்த்தேன். இங்கே எழுதவில்லை.

"உங்களுக்கு ஜாக்கெட் குடுக்கத்தான் வியாழக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்தாங்க" என்றேன், எதையாவது பிடித்துக்கொள்ள.

"எனக்கா? நான் தைக்கவே குடுக்கலையே."

அதற்கப்புறம் வரிசை கட்டி வந்துவிட்டார்கள். காட்டு வேலை முடித்த கூட்டம். விரல், கோடு, விரல், கோடு. வெடிப்பு விழுந்த விரல்கள், பருத்திக் கறை பட்ட விரல்கள், பீடி நாற்றம் அடிக்கிற விரல்கள். ஒவ்வொரு விரலையும் பிடிக்கும்போது மதினி கை ஞாபகம் வந்தது. அவருக்கு ஓட்டு இன்னும் அருப்புக்கோட்டையில்தான் கிடக்கிறது. மாற்றவே இல்லை. நான் வாத்தியாரம்மா, வருஷாவருஷம் ஊர் ஊராக ஓட்டுப் போடச் சொல்லி ஊர்வலம் போகிறவள். என் வீட்டு ஓட்டை மாற்றிக்கொடுக்கத் தோன்றவில்லை.

பூத்தை விட்டு நகர முடியாது. பெட்டிக்கு அரக்கு வைத்து, கணக்கு எழுதி, வண்டி வந்து ஏற்றும்வரை நாங்கள் பெட்டிக்குக் காவல். கொஞ்சம் ஓய்ந்த நேரத்தில் வெளியே வந்து இவருக்குப் போன் போட்டேன்.

"எப்படி இருக்காங்க?"

"நல்லாருக்கா. இப்பதான் கஞ்சி குடிச்சா."

"பாப்பாவைக் கேக்கல. மதினியைக் கேட்டேன்."

அந்தப் பக்கம் டிவியை நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு, "ஹாலில உக்காந்திருக்கா" என்றார். "காலையில இருந்து ஹாலிலதான் உக்காந்திருக்கா. நீ சொல்லிட்டுப் போனேல்ல."

இன்று விடிந்தபிறகுதான் வீடு வந்து சேர்ந்தேன். பாப்பா தூங்கிக்கொண்டிருந்தாள். மதினி காப்பி போட்டுக்கொண்டு வந்தார். அவரைக் கையைப் பிடித்து அவர் அறைக்குக் கூட்டிப்போனேன். கதவை நானே சாத்தினேன்.

எப்படிக் கேட்பதென்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "மதினி, ரத்தமா வருது?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். வெகுநேரம் மிஷின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நீ என்னைய என்னன்னு நினைச்சியோ அது நெசந்தான், வினோ. ஒரு நாள். சத்தியமா ஒரே ஒரு நாள். போன மாசம் உனக்கு மீட்டிங் இருந்து லேட்டா வந்தீயே, அன்னிக்கு. அழுதா, அழுதா, மூச்சு நின்னுரும் போல அழுதா. சங்குல பால் குடுத்தேன், துப்பிட்டா. என் மேல முட்டுறா. எனக்கு என்ன புத்தி வந்துச்சோ. வெறும் மாருதான, ஒரு நிமிசம் வாயில வச்சா அடங்குவான்னு வச்சேன். அடங்கிட்டா. எனக்கு…" அங்கே நிறுத்திவிட்டார். "அப்புறம் கடிச்சுட்டா. வலது பக்கம். மறுநா ஜாக்கெட்டுல ரத்தம். கடிச்ச புண்ணுன்னு மஞ்சளை வச்சேன். நிக்கல. இன்னிக்கு வரைக்கும் நிக்கல. உரிமையில்லாத இடத்துல கைய வச்சா சாமி சும்மா விடுமா?"

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"தம்பிகிட்ட எதைச் சொல்ல? உங்கிட்ட சொல்லணும்னா அதையும் சொல்லணுமே. சொன்னா பிள்ளையத் தர மாட்டியே." சக்கரத்தை நிறுத்திவிட்டு, "பள்ளிக்கூடத்துக்கு வந்தேன்" என்றார்.

"தெரியும்."

"உள்ள கட்டியா கையில தட்டுது, வினோ."

காட்டச் சொன்னேன். வெட்கப்பட்டார். என் சேலையை விலக்கி, நனைந்து ஒட்டிக்கிடந்த என் கைக்குட்டையை எடுத்து மிஷின் மேல் வைத்தேன். அதற்குப்பிறகு அவர் கொக்கியைக் கழற்றினார். லைனிங்கில் வட்டமாக, காய்ந்த இடமும் புதுசும். நெல்லிக்காய் அளவு இருந்தது கட்டி. தொட்டேன். நகரவில்லை.

எனக்குக் கோபம் வந்ததா என்று யோசித்துப் பார்க்கிறேன். அந்த ஒரு நாளைப் பற்றி. வந்தது. இப்போதும் இருக்கிறது. அது இருக்கட்டும்.

இவரிடம் சொன்னேன். "மதினிக்கு மார்ல கட்டி இருக்கு, நாளைக்கு ஆஸ்பத்திரி போறோம்." அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு போய் வண்டியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 15, திங்கள்

லீவு சொல்லப் போன் பண்ணினேன். "விளக்கம் இன்னும் வரல, அதுக்குள்ள லீவா?" என்றார் ஜெபமணி டீச்சர். வரும் டீச்சர் என்றேன்.

ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்தவர் சின்ன வயது டாக்டர். ஆண். மதினி தலைப்பைப் பிடித்த பிடி விடவில்லை. "புண்ணு மாதிரி இருக்கு" என்றார் தரையைப் பார்த்து. டாக்டரும் நிமிர்ந்து பார்க்காமல், "களிம்பு எழுதுறேன், ரெண்டு வாரம் கழிச்சு வாங்க" என்றார்.

மதினி எழுந்துவிட்டார். தப்பித்தோம் என்கிற மாதிரி.

நான் எழுந்திருக்கவில்லை. "நீங்க பாக்கவே இல்லையே டாக்டர்."

"அவங்கதான் புண்ணுன்னு…"

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. வலது மார்ல கட்டி இருக்கு. காம்புல இருந்து ரத்தம் வருது. ஒரு மாசமா வருது." வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மதினி என் கையைக் கிள்ளினார். "லேடி டாக்டர் பாக்கணும். ஸ்கேன் எடுக்கணும். களிம்பை வாங்கிட்டுப் போக நாங்க வரல."

அனுப்பினார்கள். லேடி டாக்டர் நிதானமாகப் பார்த்தார். ஸ்கேன் எடுத்து, ஊசி போட்டுச் சதை எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். கெட்ட கட்டியாகவும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ரிசல்ட் வந்தால்தான் தெரியும் என்றார். எதுவானாலும் எடுத்துவிட வேண்டியதுதான் என்றார்.

மதினி தலையாட்டிக்கொண்டே இருந்தார். பிறகு கேட்டார்:

"டாக்டரம்மா, பிள்ளை கடிச்சா இப்படி வருமா?"

"எந்தப் பிள்ளை?"

மதினி என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். "என் பிள்ளை. ஒரு நாள் அழுதப்ப இவங்க வாயில வச்சாங்க. கடிச்சுட்டா. பிள்ளைக்கு ஏதும் ஆகுமா, இவங்களுக்கு அதனாலதான் வந்துச்சான்னு ரெண்டையும் சொல்லுங்க."

"பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. கடிச்சதால கட்டி வராதும்மா. இது பல மாசமா உள்ளுக்குள்ள இருந்திருக்கும். அவ கடிக்காட்டாலும் ரத்தம் வந்திருக்கும். என்ன, நீங்க இன்னும் லேட்டா கவனிச்சிருப்பீங்க."

மதினி இருந்த இடத்திலேயே அழுதார். டாக்டர் பயந்துபோய், இன்னும் எதுவும் முடிவாகவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. கெட்ட கட்டியாக இருக்கலாம் என்று சொன்னபோது வராத கண்ணீர் அது. அந்த மனுஷி மூச்சை இழுத்து விட்டதைப் பார்த்தேன். ஒரு மாசமாக விடாமல் வைத்திருந்த மூச்சு.

"குத்தம் இல்லையா அப்ப?" என்றார் என்னிடம்.

"நோய் மதினி. வெறும் நோய்."

செப்டம்பர் 16, செவ்வாய்

விளக்கம் கொடுத்துவிட்டேன். நாலு வரி. "அந்த நேரத்தில் தாய்ப்பால் கட்டிக்கொண்டதால், பீய்ச்சுவதற்காகக் கழிப்பறைக்குச் சென்றிருந்தேன். பள்ளியில் அதற்கு வேறு இடம் இல்லை. வகுப்பைப் பக்கத்து ஆசிரியையிடம் முறையாகச் சொல்லிவிட்டுப் போகாதது என் தவறு." ஜெபமணி டீச்சர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இப்படியா எழுதுறது?"

"வேற எப்படி எழுத, டீச்சர்?"

வைத்துவிட்டுப் போங்கள் என்றார். இது நல்லதுக்கா கெட்டதுக்கா தெரியவில்லை. மகரஜோதியின் அம்மாவைப் போய்ப் பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வந்தபோது பாப்பா என்னிடம் தாவினாள். புண் ஆறிவிட்டது போல. குடித்தாள். ஒரு பக்கம் குடித்துவிட்டு, நிமிர்ந்து மதினியைத் தேடினாள். அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. மதினி உள்ளே மிஷினில் இருந்தார். பாப்பாவைக் கொண்டுபோய் அவர் இடது பக்கம் மடியில் வைத்தேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

மாடிக்குத் துணி எடுக்கப் போனேன். கொடியில் அவருடைய ஜாக்கெட் ரெண்டு, துண்டுக்கு அடியில். கறை முழுசாகப் போகவில்லை. மடித்துக் கொண்டுவந்தேன்.

"ரிசல்ட்டு என்னிக்கு வினோ?"

"வெள்ளிக்கிழமை தருவோம்னு அந்த நர்ஸ் சொன்னா. நாம வியாழக்கிழமையே போய் நிப்போம் மதினி. வேற யாரு பேப்பரையாவது மாத்திக் குடுத்துருவாங்க. அவங்களை நம்ப முடியாது."

மதினி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"நீ யாரைத்தான் நம்புன" என்றார்.

அப்புறம், "வியாழக்கிழமையே போவோம்" என்றார்.